காண்போரும் கண்டோரும்: ஆங்கிலச் சொற்றேர்வு குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

ஒரு நிகழ்வு நடைபெறுகிறது. அதனைச் சிலர் காண்கின்றனர். அவ்வாறு காண்பவர்களைத் தமிழிலிருந்து ஆங்கிலத்திற்குக் கொண்டு செல்லும்போது எச்சொல்லால் குறிப்பது என்னும் வினா எளிதாகத் தோன்றினும், மொழிபெயர்ப்பாளரையும் ஆய்வாளரையும் பலமுறை இடறச் செய்வதாகும். ஆங்கிலத்தில் ஆடியன்ஸ், ஸ்பெக்டேட்டர், வியூவர், அப்சர்வர், ஆன்லுக்கர், பாஸர்பை, பைஸ்டாண்டர், விட்னஸ், பிஹோல்டர் எனப் பல பெயர்கள் உள்ளன. அகராதிகள் இவற்றை ஒன்றுக்கொன்று பொருளாகத் தருகின்றன. ஆயின் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தால் நிகழ்வின் இயல்பே மாறிவிடுகிறது. பழந்தமிழ் இலக்கியத்திலும், கேரளத்தின் பாலக்காட்டுப் பகுதியில் கம்பராமாயணப் பாடல்களைக் கொண்டு நிகழ்த்தப்பெறும் தோல்பாவைக்கூத்திலும் காணும் நிலை எவ்வாறு அமைந்துள்ளது என்பதை ஒப்புநோக்கி, அதற்குரிய ஆங்கிலச் சொல்லைத் தேர்வதற்கான அளவுகோல் ஒன்றை முன்வைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பார்வையாளர் என்னும் சொல்லின் பரப்பு

இக்காலத் தமிழில் காண்பவரைக் குறிக்கப் பெருவழக்காக உள்ள சொல் 'பார்வையாளர்' என்பதாகும். நாடக அரங்கில் அமர்ந்திருப்பவரும், தொலைக்காட்சியின் முன் இருப்பவரும், மருத்துவமனைக்கு நோயாளியைக் காண வருபவரும், தேர்தலை மேற்பார்வையிட அனுப்பப்படும் அலுவலரும் இவ்வொரு சொல்லாலேயே சுட்டப்பெறுகின்றனர். ஆங்கிலத்தில் முறையே ஸ்பெக்டேட்டர், வியூவர், விசிட்டர், அப்சர்வர் என நான்கு பெயர்களாகப் பிரிந்து நிற்பவர்கள் தமிழில் ஒரு பெயருக்குள் அடங்கிவிடுகின்றனர். எனவே 'பார்வையாளர்' என்பதைக் கண்ணுற்றவுடன் அதற்கு நிகராக ஓர் ஆங்கிலச் சொல்லை இடுவது பொருந்தாது.

பாலக்காடு, இடுக்கி ஆகிய எல்லை மாவட்டங்களில் இச்சிக்கல் மேலும் ஒரு படி விரிகிறது. மூணாற்றுக்கு அருகிலுள்ள சித்திரபுரம், பள்ளிவாசல் போன்ற மலையூர்களின் தோட்டத் தமிழரிடையே தமிழும் மலையாளமும் அருகருகே வழங்குகின்றன. மலையாளத்தில் 'காணிகள்' என்றால் நிகழ்ச்சியைக் காண்போர் எனப் பொருள்படும். தமிழில் 'காணி' நிலத்தையும் நிலவுரிமையையும் ஓர் அளவையும் குறிக்கும். ஒலியால் ஒத்த ஒரே வடிவம், எல்லைக்கு ஒருபுறம் கண்ணோடும் மறுபுறம் மண்ணோடும் தொடர்புறுகிறது. அண்டை மொழிகளுக்கிடையிலேயே இத்துணை விழிப்பு தேவைப்படுமாயின், தொலைமொழியாகிய ஆங்கிலத்திற்கு அது பன்மடங்கு வேண்டப்படும்.

ஆங்கிலச் சொற்களின் வேர்நிலை

ஆங்கிலப் பெயர்களின் வேர்களை நோக்கினால் அவை ஐந்து செயல்களின் அடிப்படையில் பிரிவதைக் காணலாம். 'ஆடியன்ஸ்' என்பது கேட்டல் என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து பிறந்தது. அரசர் ஒருவர் குறையிரப்போருக்குச் செவிசாய்க்கும் நிகழ்வையும் அச்சொல் இன்றளவும் குறிக்கிறது. 'ஸ்பெக்டேட்டர்' நோக்குதல் என்னும் இலத்தீன் வேரினது. 1711ஆம் ஆண்டு அடிசனும் ஸ்டீலும் இலண்டனில் தொடங்கிய இதழுக்கு இப்பெயரைச் சூட்டியபோது, உலகியலில் கலவாது ஒதுங்கி நின்று நோக்குபவர் என்னும் பொருள் அதில் மேலோங்கியது. 'விட்னஸ்' அறிவைக் குறிக்கும் பழைய ஆங்கில வேரோடு உறவுடையது. 'பைஸ்டாண்டர்' அருகில் நிற்றலைக் குறிக்கிறது. அதில் காணல் வினையே இல்லை. 'பிஹோல்டர்' பற்றுதல், தாங்குதல் என்னும் வினையடியிலிருந்து வளர்ந்து, கண்ணால் பற்றுதல் என்னும் பொருளை எய்தியது.

ஆகவே கேட்பவர், ஒதுங்கி நோக்குபவர், அறிந்தவர், உடன் நின்றவர், கண்ணால் பற்றுபவர் என ஐவர் இச்சொற்களுக்குள் மறைந்துள்ளனர். அன்றாட வழக்கில் இவ்வேர்ப்பொருள் மங்கியிருப்பினும், இலக்கியப் பொருளைப் பெயர்க்குமிடத்து அது மீண்டும் தலைகாட்டுகிறது.

காலம் காட்டும் பெயர்கள்

ஆங்கிலம் தனித்தனிப் பெயர்களால் உணர்த்தும் வேறுபாட்டைத் தமிழ் வேறொரு வழியில் உணர்த்துகிறது. தமிழின் வினையாலணையும் பெயர் காலத்தைத் தன்னகத்தே கொண்டது. காண் என்னும் ஒரே வினையடியிலிருந்து 'காண்போர்' என எதிர்காலத்திலும், 'கண்டோர்' என இறந்தகாலத்திலும், 'காணாதோர்' என எதிர்மறையிலும் பெயர்கள் பிறக்கின்றன. இவை வெறும் இலக்கண வேறுபாடுகள் அல்ல.

காண்போர் என்னுமிடத்து, நிகழ்வு அவர்களை எதிர்நோக்கி அமைகிறது. அவர்கள் வருவர், காண்பர் என்னும் எதிர்பார்ப்பு அதில் உண்டு. கண்டோர் என்னுமிடத்து, நிகழ்வு தன் போக்கில் நடந்தது. அது அவர்தம் கண்ணில் பட்டது. முன்னதில் நிகழ்வு காண்போர்க்காக நடக்கிறது. பின்னதில் நிகழ்வின் வழியில் கண்டோர் நேர்ப்படுகின்றனர். ஆங்கிலத்தின் 'ஸ்பெக்டேட்டர்' முதலிய பெயர்கள் காலம் காட்டுவதில்லை. எனவே தமிழ்ச்சொல்லின் காலத்தை முதலில் உணர்ந்து, அதன் பின்னரே ஆங்கிலப் பெயரைத் தேர்தல் வேண்டும். இதுவே இக்கட்டுரை முன்வைக்கும் முதல் அளவுகோல். கண்டபின் கண்டவர் யாது செய்கிறார் என்பது இரண்டாம் அளவுகோல். இவ்விரண்டையும் இலக்கியச் சான்றுகளில் பொருத்திக் காணலாம்.

கண்டோர் கூற்று

அகத்திணை மரபில் கண்டோர் கூற்றிற்குரிய மாந்தராக ஏற்கப்பட்டுள்ளனர். தொல்காப்பிய அகத்திணையியல் அவர்தம் கூற்று நிகழும் இடங்களைத் தனி நூற்பாவில் வகுத்துரைக்கிறது. பாலை வழியில் உடன்போக்கு மேற்கொண்ட தலைவனையும் தலைவியையும் எதிர்ப்படும் இவர்கள், பொழுது சென்றதையும் வழியின் அச்சத்தையும் எடுத்துக்கூறித் தம் ஊர் அணித்தே என்று தங்கச் சொல்கின்றனர். மகளைத் தேடிவரும் செவிலியைத் தேற்றித் திருப்புகின்றனர்.

கலித்தொகைப் பாலைக்கலியின் 9ஆம் பாடல் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். முக்கோல் ஏந்திய அந்தணரை நோக்கிச் செவிலி தன் மகளைக் கண்டீரோ என வினவுகிறாள். அவர்கள் கண்டதை மறைக்கவில்லை. சந்தனமும் முத்தும் யாழிசையும் தாம் பிறந்த இடத்திற்குப் பயன்படாமல் பிறர்க்கே பயன்படுதலை எடுத்துக்காட்டி, மகள் சென்ற வழி அறத்தோடு பட்டதே எனத் தெளிவிக்கின்றனர். இங்குக் காணல் வினை சொல்லாக முதிர்ந்து அறமாக நிறைவெய்துகிறது.

இத்தகைய கண்டோரை எவ்வாறு பெயர்ப்பது? 'ஸ்பெக்டேட்டர்' பொருந்தாது, உடன்போக்கு எவரும் காண்பதற்காக நிகழ்வதன்று. 'பைஸ்டாண்டர்' அறவே பொருந்தாது. அருகில் நின்றும் தலையிடாதவர் என்னும் குறிப்பு இக்காலத்தில் அச்சொல்லுக்கு ஏறியுள்ளது. 'பாஸர்பை' வழிச்செல்வோர் என்னும் அளவில் பொருந்துகிறது. காண்பவரும் காணப்படுபவரும் ஒரே வழியில் நடப்பவராதலின் பாலையின் இயக்கம் அதில் காக்கப்படுகிறது. எனினும் அச்சொல்லில் கடந்து செல்லுதல் உண்டேயன்றிக் கண்டது இல்லை. 'ஆன்லுக்கர்' காணலைத் தருகிறது; ஆயின் வாளா நோக்கி நிற்றலையும் உடன் தருகிறது. ஆதலின் 'கண்ட வழிப்போக்கர்' என விரித்துப் பெயர்ப்பதே தக்கது. ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்னும் கட்டுப்பாடு இங்குத் தளர்தல் வேண்டும்.

குருகும் குறவரும்

காணலுக்கும் சான்றுக்கும் உள்ள இடைவெளியைக் குறுந்தொகையின் 25ஆம் பாடல் நுட்பமாகப் புலப்படுத்துகிறது. கபிலர் பாடிய இப்பாட்டில், களவில் தலைவன் தன்னை மணந்த பொழுதில் வேறு எவரும் இலர், ஒரு குருகு மட்டுமே இருந்தது எனத் தலைவி கூறுகிறாள். அக்குருகோ ஓடுநீரில் ஆரல்மீனின் வரவைப் பார்த்து நின்றது. அதற்குக் கண் உண்டு. அது நோக்கவும் செய்தது. ஆயின் நோக்கியது வேறொன்றை. தலைவியின் துயரம் முழுவதும் இந்த இடைவெளியில் அடங்கியுள்ளது. அக்குருகை 'விட்னஸ்' எனப் பெயர்த்தால் தலைவிக்குச் சான்று கிடைத்துவிட்டதாகப் பொருள்பட்டுப் பாட்டின் அவலம் குலையும். முன்னர்க் கண்டோர்க்குப் பொருந்தாது எனத் தள்ளப்பட்ட 'பைஸ்டாண்டர்' இங்குச் சாலப் பொருந்துகிறது. உடன் நின்றது, ஆனால் கண்டது அன்று. பொருந்தாச் சொல் என ஒன்று முற்றாக இல்லை. பொருந்தும் இடம் வேறாகலாம் என்பதற்கு இது சான்றாகும்.

இதற்கு நேர்மாறான நிலையைச் சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தில் காண்கிறோம். வேங்கை மர நிழலில் ஒரு முலை இழந்து நின்ற கண்ணகி, கணவனோடு விண்ணுலகு செல்வதை மலைக்குறவர் காண்கின்றனர். கண்டதைத் தம் அரசனாகிய செங்குட்டுவனிடம் கூறுகின்றனர். பதிகமோ அவர்கள் இளங்கோவடிகளிடம் கூறியதாக அமைக்கிறது. இவர்கள் கண்டோர்; கண்டபின் உரைத்தோர். ஆதலின் 'விட்னஸ்' இவர்க்கு உரியது.

எனினும் இங்கும் ஒரு நுட்பம் உண்டு. 'விட்னஸ்' என்னும் சொல்லின் வேர் அறிவு. குறவரோ கண்டதன் காரணத்தை அறிந்திலர். அவள் யார், ஏன் முலை இழந்தாள் என்பதை விளக்குபவர் சாத்தனார். அவரோ விண்ணேற்றத்தைக் கண்டவர் அல்லர். மதுரை வெள்ளியம்பலத்தில் நள்ளிரவில் மதுராபதித் தெய்வம் உரைத்ததைக் கேட்டவராகப் பதிகம் அவரைக் காட்டுகிறது. கண்டவர் அறியார், அறிந்தவர் காணார். கண்ணும் செவியும் ஒருங்கு கூடியபோதே காப்பியத்திற்குக் கரு கிடைக்கிறது. எனவே குறவர்க்குக் கண்ணை வெளிப்படையாகச் சுட்டும் 'ஐவிட்னஸ்' என்பதே மேலும் துல்லியமான தேர்வாகும்.

தமிழில் 'சாட்சி' என்னும் சொல் கண்ணைக் குறிக்கும் வடமொழி வேரினது. 'சான்று' என்பதோ நிறைதல், தகுதியுறுதல் என்னும் பொருளுடைய 'சால்' என்பதனோடு தொடர்புடையதாகக் கருதப்பெறுகிறது. 'சான்றோர்' என்பதும் அவ்வடியினதே. ஆங்கிலம் அறிவின் மீதும், வடமொழி கண்ணின் மீதும் நிறுவிய கருத்தைத் தமிழ் தகுதியின் மீது நிறுவுகிறது. வஞ்சின மாலையில் புகார்ப் பத்தினி ஒருத்தி வன்னி மரத்தையும் மடைப்பள்ளியையும் சான்றாக முன்னிறுத்திக் காட்டினாள் எனக் கண்ணகி கூறுமிடத்து, கண்ணில்லாப் பொருள்களும் சான்றாகின்றன. கண் பெற்ற குருகு சான்றாகவில்லை; கண்ணற்ற மரம் சான்றாகிறது. இம்முரணை உட்கொண்டே 'விட்னஸ்' என்னும் சொல்லைக் கையாள வேண்டும்.

இடுக்கி மாவட்டத்தில் குமுளிக்கு அருகே, பெரியாறு புலிகள் காப்பகத்திற்குள் தமிழக எல்லையையொட்டி அமைந்துள்ள மங்கலதேவி கோயிலைக் கண்ணகி கோட்டமாகப் போற்றும் மரபு உண்டு. சித்திரைப் பௌர்ணமி நாளில் இரு மாநில மக்களும் அங்கு மலையேறிச் செல்கின்றனர். செங்குட்டுவன் அமைத்த கோட்டம் இதுவே என்பதில் கருத்து வேறுபாடுகள் உள்ளன. ஆயினும் மலைமக்கள் கண்ட காட்சி ஒன்றன் நினைவாக, மக்கள் இன்றும் ஒரு மலையைக் காணச் செல்கின்றனர் என்பது கருதத்தக்கது. அன்று கண்டோர் குறவர்; இன்று செல்வோர் காண்போர். இவர்களை ஆங்கிலத்தில் விசிட்டர் என்பதா, பில்கிரிம் என்பதா என்னும் வினாவிற்கும் காலமும் நோக்கமுமே விடை தருகின்றன.

கூத்துமாடத்தின் எதிரே

இதுகாறும் கண்ட அளவுகோல்களுக்குப் பெரும் சோதனையாக அமைவது தோல்பாவைக்கூத்து. பாலக்காடு மாவட்டத்தில் பாரதப்புழையைச் சார்ந்த ஊர்களின் பத்திரகாளி கோயில்களில், இதற்கெனக் கட்டப்பெற்ற கூத்துமாடங்களில், இரவு முழுவதும் இக்கூத்து நிகழ்கிறது. திரைக்குப் பின்னே விளக்குகள் வரிசையாக எரிய, தோலில் வெட்டப்பெற்ற பாவைகளின் நிழல் திரையில் விழுகிறது. புலவர் எனப் பெறும் கலைஞர்கள் கம்பனின் பாடல்களை ஓதித் தமிழும் மலையாளமும் கலந்த நடையில் விரிவாகப் பொருளுரைக்கின்றனர். 7, 14, 21 எனப் பல இரவுகள் தொடரும் இக்கூத்து இராமனின் முடிசூட்டோடு நிறைவுறும்.

இக்கூத்தின் தோற்றம் குறித்து வழங்கும் கதை ஈண்டு இன்றியமையாதது. இராமன் இராவணனோடு பொருத காலத்தில் பத்திரகாளி தாரிகன் என்னும் அசுரனோடு பொருதுகொண்டிருந்தாள். ஆதலின் இராவண வதத்தை அவளால் காண இயலவில்லை. அக்குறை தீர அவள் காணும்படி ஆண்டுதோறும் கூத்து நிகழ்த்தப்பெறுகிறது. அதனாலேயே கூத்துமாடம் தேவியின் சன்னிதியை நோக்கி அமைகிறது.

இனி, இக்கூத்தை ஆராய்ந்தோர் அனைவரும் வியந்து குறிக்கும் செய்தி, கூத்துமாடத்தின் முன் பெரும்பாலான இரவுகளில் மக்கள் இலர் என்பதாகும். 1980களில் களஆய்வு செய்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், 1996இல் கலிபோர்னியா பல்கலைக்கழகப் பதிப்பாக வெளிவந்த தம் நூலில் இந்நிலைக்குச் சிறப்பிடம் தந்துள்ளார். வெளியே கேட்பவர் இல்லாதபோது புலவர்கள் தமக்குள் வினவியும் விடையிறுத்தும் கூத்தை நடத்துகின்றனர் என்னும் அவரது கருத்து மதிக்கத்தக்கது. ஆயினும் 'ஆடியன்ஸ் இல்லாத கூத்து' என்னும் தொடர் பிறருடைய எழுத்துகளில் பரவியபோது, அது ஒரு குறைபாட்டின் பெயராகிவிட்டது. ஆள் இல்லை, எனவே கலை அழிகிறது என்னும் முடிவு அத்தொடரிலிருந்து எளிதாகப் பிறக்கிறது.

தமிழின் காலம் காட்டும் பெயர்களால் இந்நிலையை நோக்கினால் காட்சி வேறாகிறது. பத்திரகாளி இராவண வதத்தைப் பொறுத்தவரை 'காணாதவள்'. கூத்தைப் பொறுத்தவரை 'காண்பவள்'. எதிர்மறையை உடன்பாடாக மாற்றுவதே கூத்தின் தொழில். காண்பவள் ஒருத்தி இருக்கின்றாள். அவள் பொருட்டே விளக்கு எரிகிறது. மக்கள் வருதல் சிறப்பு, வாராமை இழுக்கன்று. ஒருத்தி காண ஆடுதல் தமிழ் மரபிற்குப் புதிதுமன்று. ஆய்ச்சியர் குரவையில் தீநிமித்தங்கள் கண்ட மாதரி, ஆனிரைகளின் துயர் நீங்கவெனக் கண்ணகி காணும்படி குரவை ஆடச் செய்கிறாள். இரண்டிற்கும் வரலாற்றுத் தொடர்பு உண்டெனக் கூற இடமில்லை. காணும் நிலையின் ஒப்புமை ஒன்றே ஈண்டுக் கொள்ளத்தக்கது.

எனவே தேவிக்குரிய ஆங்கிலச் சொல் யாது? 'ஆடியன்ஸ்' இன்றைய வழக்கில் கூட்டத்தையே நினைவூட்டுகிறது. அதன் வேர்ப்பொருளாகிய கேட்டல் தேவியைவிடத் திரைக்குள் இருக்கும் புலவர்க்கே மிகுதியும் உரியது. அவர்கள் நிழலைக் காண்பதற்கில்லை. ஒருவர் உரைப்பதை மற்றவர் கேட்கின்றனர். 'ஸ்பெக்டேட்டர்' ஒதுங்கி நோக்குதலைக் குறிக்கும். தேவியோ கூத்தின் காரணமாக நிற்பவள். 'விட்னஸ்' கண்டு உரைப்பவர்க்கு உரியது; காணாமையே இவளது கதை. 'பிஹோல்டர்' ஒன்றே ஒருமைக்கு இயைந்து, கூட்டத்தைச் சுட்டாது, கண்ணால் பற்றுதல் என்னும் வேரோடு நின்று, பொருந்தி வருகிறது.

மறுப்பும் விளக்கமும்

இத்தேர்விற்கு இரு தடைகள் எழுப்பப்படலாம். முதலாவது, 'பிஹோல்டர்' ஆங்கிலத்தில் வழக்கு அருகிய சொல் என்பது. இது உண்மையே. ஆயின் அன்றாட அரங்கைக் குறிக்கும் சொல் அன்றாட அரங்கையே கொணரும். வழக்கு அருகிய சொல் தரும் சிறு தயக்கம், இது பிறிதொரு காணல் என்பதைப் படிப்பவர்க்கு உணர்த்தும்.

இரண்டாவது, நேர்த்திக்கடனாகக் கூத்தை நடத்துவோர்க்குத் தேவி சாட்சியாக விளங்குகிறாளே, அவளை 'விட்னஸ்' எனல் தவறாகுமா என்பது. கூத்தின் தொடக்கத்தில் பட்டர் பாவைகள் தோன்றிக் கூத்துக்குப் பொருள் உதவியோர்க்கு நலம் வேண்டுகின்றன. அந்நேர்ச்சி நிறைவேறியதற்குத் தேவி சான்று என்பதில் ஐயமில்லை. ஆகவே இராம கதைக்கு அவள் பிஹோல்டர். அடியவர் நேர்ச்சிக்கு அவள் விட்னஸ். ஒரே தேவி, ஒரே இரவு. காணப்படும் நிகழ்வு இரண்டு. சொல்லைத் தீர்மானிப்பது காண்பவர் மட்டுமல்லர், காணப்படுவதும் ஆகும்.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கூனத்தறையைச் சேர்ந்த கிருஷ்ணன்குட்டிப் புலவர் இக்கூத்தைக் கோயிலுக்கு வெளியே கொணர்ந்து, குறுகிய நேர நிகழ்ச்சியாக மேடைகளில் நடத்தினார். அவர் மகன் இராமச்சந்திரப் புலவர் 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். மேடைக்கூத்திற்கு வரும் மக்கள் 'ஆடியன்ஸ்' என்னும் பெயருக்கு முற்றிலும் உரியர். அவர்களால் கலை பரந்த அறிமுகம் பெற்றது. ஆயின் மேடையின் சொல்லைக் கூத்துமாடத்தின் மீது ஏற்றினால், பல இரவுகள் நீளும் கூத்து ஆளில்லாத வீண்செயலாகத் தோன்றும். அதனைச் சுருக்குதலே காத்தல் எனவும் படும். ஓர் அறிக்கையின் ஒரு சொல், எதனைப் பேண வேண்டும் என்னும் முடிவையே மாற்றிவிட வல்லது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் முடிவுகள் வருமாறு. 'பார்வையாளர்' என்னும் இக்காலச் சொல் பல பொருள்களைத் தன்னுள் அடக்கியதாதலின், அதற்கு நிலையான ஒரே ஆங்கில நிகரன் இல்லை. தமிழ் வினையாலணையும் பெயரின் காலமும், கண்டபின் நிகழும் செயலும் ஆங்கிலச் சொல்லைத் தேர்வதற்கான இரு அளவுகோல்களாகும். இவற்றின்படி, அகத்திணைக் கண்டோர் கண்ட வழிப்போக்கர் ஆவர். குறுந்தொகைக் குருகு பைஸ்டாண்டர் ஆகும். மலைக்குறவர் ஐவிட்னஸ் ஆவர். பாலக்காட்டுப் பத்திரகாளி பிஹோல்டர் ஆவாள். திரைக்குள் ஒருவர்க்கொருவர் செவிகொடுக்கும் புலவர்கள் ஆடியன்ஸ் என்பதன் வேர்ப்பொருளுக்கு உரியர்.

தெருக்கூத்து, கணியான் கூத்து முதலிய பிற நிகழ்கலைகளிலும் தெய்வமும் மக்களும் ஒருங்கே காண்பவராக அமையும் நிலைகளை இவ்வளவுகோல்களால் ஆராய இடமுண்டு. அவ்வாறு ஆராயுமுன், கூத்துமாடத்தின் முன்னுள்ள திடலில் எவரும் இலர் என எழுத முற்படும் ஆய்வாளர், எதிரே திறந்திருக்கும் சன்னிதியையும் ஒருமுறை நோக்குதல் நன்று.